கேஸ் மாத்திரை எத்தனை நாளைக்கு?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



வரவு செலவு வாசிச்சாச்சு. வங்கிக் கடன் மனுவும் பேசி முடிச்சாச்சு. தலைவி அக்கா எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்காங்க. வழக்கமா நான் பதிவேட்டைப் பத்தித்தான் பேசுவேன், நீங்களும் கொட்டாவி விட்டுக்கிட்டே கேப்பீங்க. இன்னிக்கு மாத்திரையைப் பத்திப் பேசப் போறேன்.

போன மாசம் ஒரு குழுவுக்குப் போயிருந்தேன். சந்தாப் பணம் எடுக்க ஒரு அக்கா சுருக்குப்பையை அவிழ்த்தாங்க. ரூபாய் நோட்டோட சேர்ந்து ஒரு மாத்திரையும் கீழே விழுந்தது. அட்டையில இருந்து கத்தரியால வெட்டின ஒத்தை மாத்திரை. "என்னக்கா இது?"ன்னு எடுத்துக் கொடுத்தேன். "கேஸ் மாத்திரைம்மா. காலையில ஒண்ணு போட்டாத்தான் எனக்கு அன்னிக்குப் பொழுது ஓடும்"னாங்க. எத்தனை நாளா போடுறீங்கன்னு கேட்டேன். "சின்னவன் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே"ன்னாங்க. சின்னவனோட பிள்ளை இப்போ ஒண்ணாவது படிக்குது.

யாரு எழுதிக் கொடுத்தாங்கன்னா, அப்போ ஒரு டாக்டர் பதினைஞ்சு நாளைக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கார். நல்லாக் கேட்டுச்சு. அதனால அந்த வெத்து அட்டையையே மெடிக்கல்ல காட்டிக் காட்டி வாங்கியிருக்காங்க. இதைச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல இருந்தவங்க, "என்கிட்டயும் இருக்கு", "எங்க மாமியார் ரெண்டு போடுறாங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அன்னிக்கு வந்திருந்த பதினாலு பேர்ல ஒன்பது பேர் வீட்டுல அந்த மாத்திரை இருந்தது. டாக்டர் சீட்டு வச்சிருந்தவங்க ஒரே ஒருத்தர்.

நான் டாக்டர் இல்ல, சமூகப்பணி படிச்சவ. நான் எந்த மாத்திரையையும் போடுங்கன்னோ நிறுத்துங்கன்னோ சொல்ல வரல. டாக்டர்கிட்ட நாம என்ன கேக்கணும், எதை மறைக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். இந்த மாத்திரை கெட்ட மாத்திரையும் இல்ல. எத்தனையோ பேரோட வயித்துப் புண்ணை ஆத்தியிருக்கு. ஆனா வாங்கின கடனுக்கு எத்தனை தவணைன்னு தெரிஞ்சு கையெழுத்துப் போடுற நாம, இந்த மாத்திரைக்கு எத்தனை நாள்னு கேக்கறதே இல்ல.

நம்ம இரைப்பையில ஒரு அமிலம் சுரக்குது. ஹைட்ரோகுளோரிக் அமிலம்னு பேரு. கக்கூஸ் கழுவ வாங்குற ஆசிட்டுல இருக்கறதும் அதே வகைதான். அவ்வளவு காட்டமானது வயித்துக்குள்ள எதுக்குன்னு கேக்கலாம். சோத்தோட உள்ளே போற கிருமியைக் கொல்ல அது வேணும். பருப்பு, முட்டை, கறி செரிக்க வேணும். கீரையில, பயறுல இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கவும் அது வேணும். இரைப்பையோட உள்பக்கம் வழவழன்னு ஒரு பூச்சு இருக்கறதால அந்த அமிலம் நம்மளையே அரிக்காம இருக்கு. பூச்சு கெட்டுப்போனா புண் வரும், அதைத்தான் அல்சர்ங்கறோம். அமிலம் மேலே உணவுக்குழாய்ப் பக்கம் ஏறினா நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு. நம்ம ஊர்ல வயிறு வலிச்சாலே அல்சர்னு சொல்லிக்கறோம். பல பேருக்கு அது அல்சரே கிடையாது.

மெடிக்கல்ல இதுக்குக் கிடைக்கறது பெரும்பாலும் மூணு வகை. ஒண்ணு, ரோஸ் கலர்ல பாட்டில்ல வர்ற மருந்து, இல்லேன்னா கடிச்சு மெல்லுற மாத்திரை. சுரந்த அமிலத்தைத் தணிக்கும், சீக்கிரம் கேக்கும், சீக்கிரமே வேகமும் போயிடும். இரண்டாவது, ரானிட்டிடின், ஃபமோட்டிடின் வகை. மூணாவதுதான் இப்போ வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ராபிப்ரசோல், இசோமிப்ரசோல். அட்டையில கம்பெனி வச்ச பேரு பெரிசா இருக்கும். அதோட பொடி எழுத்துல மருந்தோட உண்மையான பேரு இருக்கும். வீட்டுல படிக்கிற பிள்ளைகிட்ட கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. பேரு "ப்ரசோல்"னு முடிஞ்சா அது இந்த வகை. நான் பார்த்த ஒரு வீட்டுல மாமியார் ரெண்டு வேற வேற அட்டையில இருந்து காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு வாயுவுக்குன்னு நினைச்சிருக்காங்க. ரெண்டும் பான்டோப்ரசோல்தான்!

ரானிட்டிடினைப் பத்தி ஒரு சேதி. பழைய மாத்திரை, ரொம்ப வருஷமா எல்லாரும் போட்டது. 2019-ல அதுல என்.டி.எம்.ஏ.ன்னு ஒரு பொருள் கலந்திருக்கறது தெரிய வந்தது. புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கிற பொருள். நாள் ஆக ஆக, வெயில் சூடு பட அது கூடுதுன்னும் கண்டாங்க. 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல அந்த மாத்திரையையெல்லாம் கடையில இருந்து எடுக்கச் சொன்னாங்க. நம்ம நாட்டுல 2022 செப்டம்பர்ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து அதை நீக்கிட்டாங்க. தகரக் கூரைக்குக் கீழே, அடுப்பு மாடத்துல பழைய அட்டை கிடந்தா அதைப் போடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டி வேற கேளுங்க.

சரி, "ப்ரசோல்" வகைக்கு வருவோம். இது சுரந்த அமிலத்தைத் தணிக்கறது இல்ல. அமிலம் சுரக்கிற இடத்துல நுணுக்கமா பம்பு மாதிரி ஒரு அமைப்பு இருக்கு, அதையே நிறுத்துது. நாம சாப்பிடும்போதுதான் அந்தப் பம்பு ஓட ஆரம்பிக்கும். அதனால சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, வெறும் வயித்துல போடணும்னு சொல்றாங்க. சாப்பிட்டு முடிச்சுட்டுப் போட்டா பாதி வீண். மென்னு தின்னக் கூடாது, கேப்சூலைப் பிரிச்சுப் பொடியாக்கிக் குடிக்கக் கூடாது. முழுசா பலன் தெரிய ரெண்டு மூணு நாள் ஆகும். இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. போட்ட பத்து நிமிஷத்துல வலியை நிறுத்துற மாத்திரை இது இல்ல. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னு பின்னாடி சொல்றேன்.

சாதாரணமா இதை நாலு வாரத்துல இருந்து எட்டு வாரம் வரைக்கும் கொடுப்பாங்க. சில பேருக்கு அதுக்கும் குறைவு. கிருமியால வந்த புண்ணுன்னா இதோட ரெண்டு மூணு கிருமி மருந்தும் சேர்த்து பெரும்பாலும் பதினாலு நாள் கொடுப்பாங்க. ஆமா, அல்சர் கிருமியாலயும் வருது. காரம் தின்னா வரும், கவலைப்பட்டா வரும்னுதான் உலகமே ரொம்ப காலம் நம்பிக்கிட்டு இருந்தது. ஆஸ்திரேலியாவுல பாரி மார்ஷல்னு ஒரு டாக்டர், ஹெலிகோபாக்டர் பைலோரிங்கற கிருமிதான் காரணம்னு சொன்னப்போ பல பேரு நம்பல. 1984-ல அவரே அந்தக் கிருமியைக் கலந்து குடிச்சுக் காட்டினார். சில நாள்ல வாந்தி, வயித்து உபாதை, இரைப்பையில அழற்சி. 2005-ல அவருக்கும் கூட வேலை செஞ்ச ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கொடுத்தாங்க. நம்ம வீட்டுல "மிளகாயைக் குறை"ன்னு மருமகளைத் திட்டுறவங்களுக்கு இதைச் சொல்லுங்க. காரம் எரிச்சலைக் கூட்டும், ஆனா புண்ணுக்கு அது மூல காரணம் இல்ல. வலி நின்னதும் அந்தப் பதினாலு நாள் மருந்தைப் பாதியில விட்டா கிருமி சாகாது, புண்ணு திரும்ப வரும்.

இப்போ எல்லாரும் கேக்கற கேள்விக்கு வர்றேன். "நிறுத்தினா திரும்ப எரியுதே, அப்போ நோய் இருக்குன்னுதானே அர்த்தம்?" சுருக்குப்பை அக்காவும் இதையேதான் கேட்டாங்க. ரெண்டு மூணு தடவை நிறுத்திப் பார்த்திருக்காங்க. நாலாவது நாளே நெஞ்சு எரிஞ்சிருக்கு. பயந்துபோய் திரும்பப் போட்டிருக்காங்க.

2009-ல டென்மார்க்ல ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. வயித்துல எந்தக் கோளாறும் இல்லாத 120 பேரை எடுத்தாங்க. ஒரு பாதிப் பேருக்கு எட்டு வாரம் இசோமிப்ரசோல், மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. எட்டு வாரம் கழிச்சு, யாருக்கும் தெரியாம எல்லாருக்கும் வெறும் மாத்திரையா மாத்திட்டாங்க. உண்மையான மருந்து சாப்பிட்டவங்கள்ல 100-க்கு 44 பேருக்கு எரிச்சலும் புளிச்ச ஏப்பமும் வந்தது. மத்தவங்கள்ல 100-க்கு 15 பேருக்குத்தான் வந்தது. நோயே இல்லாதவங்களுக்கு, மருந்தை நிறுத்தினதாலேயே எரிச்சல் வந்திருக்கு. அடைச்சு வச்ச மடையைத் திறந்தா தண்ணி பாஞ்சு வருமே, அந்த மாதிரி. கொஞ்ச நாள்ல, சில வாரத்துல அடங்கிடும். ஆனா அந்தக் கொஞ்ச நாளைத் தாண்ட முடியாமத்தான் பல பேரு வருஷக் கணக்கா மாட்டிக்கறாங்க. அதனால பல மாசமா போடுறவங்க டப்புன்னு நிறுத்தாம, டாக்டரைக் கேட்டு அளவைக் குறைச்சு, ஒருநாள் விட்டு ஒருநாள்னு ஆக்கி, மெதுவா விடறது சுலபம்.

வருஷக் கணக்குல போட்டா என்ன ஆகும்? எல்லாருக்கும் ஆகாது, ஆனா ஆகக்கூடியது சிலது இருக்கு. பி12 சத்து குறையலாம். கை கால் மரத்துப்போறது, மறதி, அசதி எல்லாம் அதால வரலாம், நாம வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்குவோம். மக்னீசியம் குறைஞ்சு கை கால் இழுத்துப் பிடிக்கலாம். எலும்பு முறியற வாய்ப்பு கொஞ்சம் கூடலாம், மாதவிடாய் நின்ன பெண்கள் இதை யோசிக்கணும். குடல்ல கிருமித் தொற்று வந்து வயித்தால போகலாம். அபூர்வமா சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

இதுல நமக்கு ரொம்ப முக்கியமானது இரும்புச் சத்து. 2019-21-ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. துணை சுகாதார நிலையத்துல நர்சம்மா இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கறாங்க. அதைப் போட்டா வயிறு எரியுதுன்னு கூடவே ஒரு கேஸ் மாத்திரையையும் நாம போட்டுக்கறோம். இரும்பு உள்ளே சேர அமிலம் வேணும்னு முன்னாடி சொன்னேனே. ஒரு கையால ஊத்தி மறு கையால இறைக்கிற கதைதான். மாசக் கணக்குல இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறலேன்னா, கேஸ் மாத்திரையும் போடுறேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரோஸ் மருந்து குடிக்கிறவங்க இரும்பு மாத்திரைக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. டீயோட இரும்பு மாத்திரை வேண்டவே வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுறவங்க ரோஸ் மருந்துக்கு நாலு மணி நேரம் இடைவெளி விடணும். "ப்ரசோல்" போடறதையும் டாக்டர்கிட்ட சொல்லணும், தைராய்டு மாத்திரை அளவை மாத்த வேண்டி வரலாம்.

அடுத்து செட்டு மாத்திரை. இதைச் சொன்னதும் பின் வரிசையில சிரிக்கறீங்க. தெரியும். முழங்கால் வலி, இடுப்பு வலி, நாளைக்கு நடவு இருக்கு. கடையில போய் நின்னு "வலிக்கு ஒரு செட்டு கொடுங்க"ன்னா பொட்டலம் கட்டிக் கொடுப்பாங்க. பேரு கிடையாது, தேதி கிடையாது. டைக்ளோபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும். சில இடத்துல சின்னதா ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். "வயிறு எரியாம இருக்க"ன்னு கூட ஒரு கேஸ் மாத்திரை. இந்த வலி மாத்திரைதான் இரைப்பையோட வழவழப்புப் பூச்சைக் கெடுக்குது. ஸ்டீராய்டும் சேர்ந்தா ஆபத்து இன்னும் கூடும். கூட இருக்கிற கேஸ் மாத்திரை ஓரளவுக்குக் காப்பாத்தும். ஆனா அது இருக்கேன்னு மாசக் கணக்கா வலி மாத்திரை போட்டா முழுசா காப்பாத்தாது. எரிச்சல் தெரியாமலே உள்ளே புண்ணாகும்.

நம்ம பகுதியில ஒரு குழு உறுப்பினருக்கு அப்படித்தான் ஆச்சு. ஒரு நடவுப் பருவம் முழுக்க தினம் ஒரு செட்டு. மலம் கறுப்பாப் போயிருக்கு. இரும்பு மாத்திரை சாப்பிட்டா கறுப்பாத்தானே போகும்னு இருந்துட்டாங்க. ஒருநாள் வயல்லயே மயங்கி விழுந்தாங்க. அரசு மருத்துவமனையில குழாய் விட்டுப் பார்த்தப்போ இரைப்பையில புண்ணு, ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ரத்தம் ஏத்தினாங்க, பிழைச்சாங்க. ஆஸ்பத்திரியில காசு வாங்கல. ஆனா கூட இருந்த மகளுக்கு எட்டு நாள் கூலி போச்சு. ரெண்டு ஆடு போச்சு. அந்த ஆடு நம்ம குழுக் கடன்ல வாங்கினது. தவணை இன்னும் முடியல.

இரும்பு மாத்திரையால வர்ற கறுப்புக்கும் ரத்தக் கசிவுக்கும் வித்தியாசம் உண்டு. ரத்தம்னா தார் மாதிரி பிசுபிசுன்னு ஒட்டும், நாத்தம் தாங்காது. சந்தேகமா இருந்தா நாமளே முடிவு பண்ணாம அன்னிக்கே போய்க் காட்டிடணும். காபித் தூள் மாதிரியோ ரத்தமாகவோ வாந்தி வந்தாலும், சாப்பாடு தொண்டையில சிக்கினாலும், காரணமில்லாம எடை குறைஞ்சாலும், வாந்தி நிக்காம இருந்தாலும், ஐம்பது வயசுக்கு மேல புதுசா இந்த உபாதை ஆரம்பிச்சாலும் கேஸ் மாத்திரையைப் போட்டு மூடி வைக்கக் கூடாது. குழாய் விட்டுப் பார்க்கணும்னு சொன்னா பயப்படாதீங்க. பெரும்பாலும் சில நிமிஷ வேலை.

இங்கே ஒண்ணு கவனிங்க. மூட்டுவாதத்துக்கோ இதயத்துக்கோ டாக்டரே வலி மாத்திரை, ஆஸ்பிரின் எல்லாம் கொடுத்து, வயித்தைக் காக்க "ப்ரசோல்" ஒண்ணையும் சேர்த்து எழுதியிருப்பார். அவங்களுக்கு அது பல வருஷம் வேணும். இன்னிக்கு நான் பேசினதைக் கேட்டுட்டு அவங்க யாரும் நிறுத்திடக் கூடாது. அதே மாதிரி, பல நாளா ஸ்டீராய்டு சாப்பிட்டவங்களும் தானா நிறுத்தக் கூடாது. இதயத்துக்கு குளோபிடோக்ரல் சாப்பிடுறவங்க ஒமிப்ரசோல், இசோமிப்ரசோல் ரெண்டையும் கடையில தானா வாங்கிடாதீங்க, அந்த இதய மாத்திரையோட வேலையை அது குறைக்கும்.

அட்டையில மருந்துப் பேருக்குப் பின்னாடி டி-ன்னோ டி.எஸ்.ஆர்.ன்னோ போட்டிருந்தா, உள்ளே டாம்பெரிடோன்னு வாந்திக்கான மருந்தும் இருக்குன்னு அர்த்தம். வயசானவங்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவங்களுக்கும் அது இதயத் துடிப்பைக் குழப்பலாம். ஐரோப்பாவுல 2014-ல டாம்பெரிடோனைப் பொதுவா ஒரு வாரத்துக்கு மேல கொடுக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. நம்ம வீட்டுல அதை வருஷம் முழுக்க காலையில டீக்கு முன்னாடி முழுங்குறாங்க.

கர்ப்பமா இருக்கிற பிள்ளைகளுக்கு நெஞ்செரிச்சல் சகஜம். அவங்க நர்சம்மாவைக் கேக்காம எதையும் போடக் கூடாது. வயித்துப் புண்ணுக்குன்னு வந்த மிசோப்ரோஸ்டால் கருவையே கலைச்சிடும். சில வலி மாத்திரையில அது கலந்தே வருது.

இப்போ என் கதை. சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. சம்பந்தப்பட்ட அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க, அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு குழுக் கூட்டம். மதியம் பதினோரு மணி இருக்கும். அந்த அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டின வயசு, பத்து வருஷமா சக்கரை. நெஞ்சுக்குழி அடைக்கிற மாதிரி இருக்கு, குமட்டுதுன்னாங்க. "காலையில சாப்பிடலியா?"ன்னு கேட்டேன். இல்லேன்னாங்க. "அப்போ வாயுதான்க்கா"ன்னு சொல்லி, என் கைப்பையில எனக்குன்னு வச்சிருந்த பான்டோப்ரசோல் ஒண்ணைக் கொடுத்து, ஒரு சோடாவும் வாங்கிக் கொடுத்துப் படுக்க வச்சேன். நான் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தினேன். தீர்மானம் எல்லாம் எழுதினேன். ஒன்றரை மணி நேரம் கழிச்சு அவங்க மருமகள் வந்து, "அத்தைக்கு என்ன இப்படி வேர்த்துக் கொட்டியிருக்கு, கை சில்லுன்னு இருக்கு"ன்னு சத்தம் போட்ட பிறகுதான் 108-க்கு அடிச்சோம். ஆஸ்பத்திரியில இ.சி.ஜி. எடுத்தாங்க. மாரடைப்பு. டாக்டர் எங்களைப் பார்த்து, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"ன்னு கேட்டார். நான் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேற ஒண்ணும் கேக்கல.

அக்கா பிழைச்சுட்டாங்க. ஆனா இதயத்தோட பலம் குறைஞ்சுபோச்சு. நடவுக்குப் போறதில்ல, ரெண்டு குடம் தண்ணி தூக்கினா மூச்சு வாங்குது. அந்த ஒன்றரை மணி நேரம் நான் வீணாக்கினது.

மாரடைப்பு எல்லாருக்கும் சினிமாவுல வர்ற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வராது. பெண்களுக்கு, அதுலயும் சக்கரை உள்ளவங்களுக்கு மேல் வயித்து வலியாவோ குமட்டலாவோ காரணமில்லாத அசதியாவோ வரலாம். கூடவே வேர்வை, மூச்சு முட்டல், தாடை, தோள், முதுகு, இடது கைப் பக்கம் வலி இருந்தா அதை வாயுன்னு வைக்காதீங்க. உடனே 108. கேஸ் மாத்திரை போட்டுப் பார்ப்போம், கேக்கலேன்னா போவோம்ங்கற பேச்சே வேண்டாம். அந்த மாத்திரை வேலை செய்யவே நாள் கணக்கு ஆகும்னு முன்னாடி அழுத்திச் சொன்னது இதுக்காகத்தான். இப்போ என் கைப்பையில மாத்திரை வச்சிருக்கறது இல்ல. இருந்தாலும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

கடையில வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். பத்து மாத்திரை அட்டையில நாலு வெட்டி வாங்குறோம். காலாவதி தேதி அட்டையோட ஒரு ஓரத்துலதான் அச்சடிச்சிருக்கும். அந்த ஓரம் கடைக்காரர்கிட்டயே போயிடும். தேதியை வாங்கும்போதே பார்த்துக்கோங்க, பில்லு கேளுங்க. ஆர்.எக்ஸ். அடையாளம் இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்துன்னு அர்த்தம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்க, வெறும் வயித்துல டீ குடிக்காதீங்கன்னு எல்லா டாக்டரும் சொல்றாங்க. சொல்றது சுலபம். காலையில நாலரைக்கு எழுந்து, சோறாக்கி, பிள்ளைகளை அனுப்பி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, டீயை மட்டும் குடிச்சுட்டு வேலைக்கு ஓடுறோம். முதல் கவளம் வாயில போகும்போது பதினோரு மணி. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சினதை ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுக்கறோம். இதுக்கு மாத்திரையில வைத்தியம் இல்ல. வேலைக்குப் போகும் முன்னாடி ஒரு கிண்ணம் நீராகாரமோ ரெண்டு இட்லியோ நமக்குன்னு முதல்ல எடுத்து வைக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். எதுக்களிக்கிறவங்க கட்டில்ல படுத்தா தலைமாட்டுக் காலுக்கு ரெண்டு செங்கல் வைக்கலாம், இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கலாம். வெத்திலையோட புகையிலை போடுறவங்க அதை விடணும். இதை எத்தனை தடவை சொன்னாலும் ரெண்டு பேரு என்னைப் பார்க்காம வெளியே பார்க்கறீங்க.

நான் பேசி முடிச்சதும் சில பேர் கேள்வி கேட்டாங்க. அதையும் சேர்த்துச் சொல்லிடறேன்.

தண்ணியில போட்டா பொங்குற பொடி குடிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டாங்க. அதுல உப்புச் சத்து நிறைய. ரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கு ஆகாது. மத்தவங்க என்னைக்காவது ஒரு நாள் குடிக்கலாம், தினசரி கூடாது. ஓமத் தண்ணி, சீரகத் தண்ணி குடிக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. முன்னாடி சொன்ன ஆபத்து அறிகுறி இருக்கும்போது அதைக் குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரை கேக்குமான்னு ஒருத்தர் சந்தேகப்பட்டாங்க. மருந்துப் பேரும் மில்லிகிராமும் ஒண்ணா இருந்தா மருந்தும் ஒண்ணுதான், அட்டை பளபளப்பா இருக்காது. வெளியில வாங்கித்தான் ஆகணும்னா மக்கள் மருந்தகத்துலயும், 2025 பிப்ரவரியில ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகத்துலயும் விலை குறைவு. அங்கேயும் சீட்டோடதான் போகணும்.

டாக்டர்கிட்ட இவ்வளவு கேக்க முடியுமா, கூட்டம் அப்படி இருக்கேன்னு இன்னொரு தங்கச்சி கேட்டா. நியாயம்தான். எனக்கே வாய் வராது. அதனால மூணே கேள்வியைச் சந்தாப் புத்தகத்தோட பின்னட்டையில எழுதி வச்சுக்கோங்க. எத்தனை நாளைக்கு? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? நான் ஏற்கெனவே சாப்பிடுற இந்த மாத்திரையோட சேருமா? டாக்டர் சொல்றதை அந்த அட்டையிலயே நாளோட குறிச்சுக்கோங்க. டாக்டர்கிட்ட கேக்க முடியலேன்னா மருந்து கொடுக்கிற ஃபார்மசிஸ்டைக் கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து சக்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர்கள் பல பேரு நம்ம குழுக்கள்ல இருந்து போனவங்கதான். அவங்ககிட்டயும் காட்டுங்க.

சுருக்குப்பை அக்காவை மறந்துட்டேனே. மறுவாரமே அவங்களைக் கூட்டிக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ரத்தம் பார்த்தாங்க, எட்டரை கிராம்தான் இருந்தது. டாக்டர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்னு ஆக்கியிருக்கார், கூட இரும்பு மாத்திரை. ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்கார். முதல் வாரம் எரிச்சல்ல தூக்கமே இல்லேன்னாங்க. இப்போ மூணாவது வாரம், பரவாயில்லையாம்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு நம்ம பகுதி கிராம சுகாதார செவிலியர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. வரும்போது வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டு வாங்க. மாமியாரோடது, வீட்டுக்காரரோடது, வெட்டின துண்டு, பொட்டலத்துல மிச்சம் இருக்கிறது, எதையும் விடாதீங்க, வெக்கப்பட்டு ஒளிச்சும் வைக்காதீங்க. எது எதுக்கு, எதுக்குத் தேதி முடிஞ்சது, எது ரெண்டு தடவை இருக்குன்னு உட்கார்ந்து பிரிச்சுப் பார்ப்போம். காலையில பத்து மணிக்குக் கூட்டம். எல்லாரும் சாப்பிட்டுட்டு வாங்க.